தெருவுக்கு ஒருவர்: சமூக ஒருங்கிணைப்பாளர் என்னும் தொண்டு

மழைக்காலம் வந்தால் எங்கள் தெருமுனையில் சாக்கடை பொங்கும். பள்ளிவாசல் இளைஞர்கள் ஐந்தாறு பேர் ஃபஜ்ருக்குப் பிறகு மண்வெட்டியும் சட்டியுமாக வந்து அடைப்பை அள்ளுவார்கள். படம் எடுத்து குரூப்பில் போடுவோம். ‘மாஷா அல்லாஹ்’ என்று நாற்பது பேர் பதில் போடுவார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் பொங்கும். மூன்று வருடம் இப்படியே போயிற்று. ஒருநாள் எதிர்வீட்டு அம்மா, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க பாய், வருசா வருசம் அள்ளறீங்களே, அது எதனால அடைக்குதுன்னு யாராச்சும் போய்க் கேட்டீங்களா?”

யாரும் கேட்டதில்லை. கேட்கப் போனபோதுதான் தெரிந்தது, சாலைக்கு அடியில் இருக்கும் சிறுபாலத்தின் உள்ளே பழைய குழாய் ஒன்று குறுக்கே கிடக்கிறது என்று. அது மண்வெட்டிக்கு மசியாது. அதற்கு மதிப்பீடு வேண்டும், பொறியாளர் கையெழுத்து வேண்டும், இயந்திரம் வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தத் தெருவில் உள்ள எல்லா வீட்டாரும் ஒன்றாகப் போய்க் கேட்க வேண்டும். அவர்களை ஒன்றாகக் கேட்க வைப்பது யார்?

அந்த ஒருவரைத்தான் சமூக ஒருங்கிணைப்பாளர் என்கிறார்கள். சம்பளம் இல்லாமல், பதவி இல்லாமல், தான் வாழும் தெருவின் மாற்றத்திற்காக மக்களைச் சேர்ப்பவர். அந்தத் தொண்டு என்ன, நம் கோவையில் அதற்கு என்ன வரலாறு, நம் பிள்ளைகள் அதை எப்படித் தொடங்கலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சேவை வேறு, ஒருங்கிணைப்பு வேறு

சேவையில் நம் சமுதாயம் பின்தங்கியதில்லை. 2015ஆம் ஆண்டு சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் எல்லா மதத்தாருக்கும் திறந்துவிடப்பட்டன. கொரோனா காலத்தில் சொந்த உறவே தொட அஞ்சிய உடல்களை நம் தொண்டர்கள் தமிழகம் முழுவதும் மதம் பாராமல் எடுத்து, அவரவர் முறைப்படி அடக்கமோ தகனமோ செய்து கொடுத்தார்கள். இரத்ததானம், ஆம்புலன்ஸ், ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்று ஜமாஅத்துகள் செய்வது கொஞ்சமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் சேவை இன்றைய தேவையைத்தான் தீர்க்கிறது. அதே தேவை நாளைக்கும் ஏன் வந்து நிற்கிறது என்று கேட்பது ஒருங்கிணைப்பின் வேலை. தண்ணீர் வராத தெருவுக்கு லாரியில் தண்ணீர் கொடுப்பது சேவை. அந்தத் தெருவார் முப்பது வீட்டையும் உட்கார வைத்து, குழாய் ஏன் வரவில்லை என்று கண்டறிந்து, வரும்வரை விடாமல் கேட்க வைப்பது ஒருங்கிணைப்பு. இரண்டும் வேண்டும். ஆனால் முதலாவதில் நமக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரண்டாவதில் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். நம் பகுதிகளில் ‘கவுன்சிலர்கிட்ட நான் பேசி முடிச்சுத் தர்றேன்’ என்று சொல்லும் ஆட்கள் உண்டு. வேலை முடிந்தாலும் மக்கள் அந்த ஆளுக்குக் கடன்பட்டு நிற்பார்கள், அடுத்த முறையும் அவரையே தேடுவார்கள். ஒருங்கிணைப்பாளர் இதற்கு நேர்மாறானவர். அவர் ஊருக்குப் போயிருந்தாலும் வேலை நடக்கும். மனு எழுதத் தெரியாத ஒரு பெண்மணி, ஒரு வருடம் கழித்துத் தானே மனு எழுதிக்கொண்டு போனால் அவர் வென்றுவிட்டார்.

சீராவில் ஒரு முன்மாதிரி

நபி (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன், இளைஞராக இருந்தபோது நடந்த ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை மக்தபில் படித்திருப்போம். யமன் நாட்டிலிருந்து சரக்குக் கொண்டுவந்த வெளியூர் வியாபாரி ஒருவரிடம், மக்காவின் செல்வாக்குள்ள ஆஸ் பின் வாயில் பொருளை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தார். அந்த வியாபாரிக்கு மக்காவில் உறவும் இல்லை, குலமும் இல்லை. அவர் அபூகுபைஸ் மலையில் ஏறி நின்று நியாயம் கேட்டார். அதைக் கேட்ட சில குலத்தார் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் என்பவர் வீட்டில் கூடினார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் எந்த ஊராராக இருந்தாலும், உரிமை கிடைக்கும்வரை அவருக்காக ஒன்றாக நிற்போம் என்று உறுதி எடுத்தார்கள். நேராகப் போய்ப் பணத்தையும் வாங்கிக் கொடுத்தார்கள்.

இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. பாதிக்கப்பட்டவர் வெளியூர்க்காரர். கூடியவர்கள் தங்களுக்குள் பல விஷயங்களில் வேறுபட்ட குலத்தார். அவர்கள் அந்த வியாபாரிக்குத் தங்கள் பையிலிருந்து ஸதக்கா கொடுத்து அனுப்பிவிடவில்லை, அவருக்கு உரியதை உரியவரிடமிருந்து பெற்றுத் தந்தார்கள். அந்த உடன்படிக்கையில் பங்கேற்றதை நபி (ஸல்) அவர்கள் பிற்காலத்தில் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள், இஸ்லாம் வந்த பின்னும் அப்படியொன்றுக்கு அழைக்கப்பட்டால் இணங்குவேன் என்ற கருத்தில் சொன்னார்கள் என்று சீரா நூல்கள் பதிவு செய்கின்றன. பிற சமூகத்தாரோடு பொதுக் காரியத்தில் இணையலாமா என்று தயங்கும் இளைஞர்களுக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

புகாரியில் வரும் கப்பல் உவமையும் இங்கே பொருந்தும். கீழ்த்தளத்தில் இருப்போர் தண்ணீருக்காகக் கப்பலில் ஓட்டை போட, மேல்தளத்தார் தடுக்காவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள். ஒரு தெருவும் அப்படித்தான். டெங்கு கொசு யார் வீட்டுத் தொட்டியில் பிறந்தாலும் எல்லார் வீட்டிலும் கடிக்கும்.

கோவை நமக்குக் கற்றுத் தந்தது

கோயம்புத்தூரின் வரலாறே இப்படிப்பட்ட மனிதர்களால் ஆனது. நாம் பெருமையோடு குடிக்கும் சிறுவாணித் தண்ணீர் தானாக வந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ‘கோயம்புத்தூர் கலாநிதி’ என்ற இதழை நடத்திய சே. ப. நரசிம்மலு நாயுடு (1854–1922), மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இந்த வறண்ட ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர முடியும் என்று வாதாடினார். இதழில் எழுதினார், கூட்டங்களில் பேசினார், நகராட்சியை நச்சரித்தார். சிறுவாணி நீர் நகரத்துக்கு வந்தது 1920களின் இறுதியில். அவர் அதைக் காணவில்லை, 1922லேயே இறந்துவிட்டார். இன்று குழாயைத் திறக்கும் எவருக்கும் அவர் பெயர் நினைவில் இல்லை. ஒருங்கிணைப்பாளரின் கூலி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், இந்தத் தொண்டுக்கு வருகிறவர் அதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நம் காலத்துக் கதை. 2000களின் தொடக்கத்தில் கோவை கடும் வறட்சியைக் கண்டது. நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போயிற்று. 2003இல் ‘சிறுதுளி’ அமைப்பு உருவானது. தொழிலதிபர்களும் பொதுமக்களும் சேர்ந்த அந்த அமைப்பை வனிதா மோகன் முன்னின்று நடத்தினார். நொய்யலின் வாய்க்கால்களையும் நகரக் குளங்களையும் தூர்வாரும் பணியில் பள்ளி மாணவர் முதல் ஆலைத் தொழிலாளர் வரை கைகொடுத்தார்கள். நிறுவனங்கள் பணம் தந்தன, பொறியாளர்கள் அறிவைத் தந்தார்கள், மக்கள் உழைப்பைத் தந்தார்கள். பல தரப்பாரை ஒரு காரியத்தில் கட்டிவைப்பதே பெரிய வேலை என்பதற்கு இது சான்று.

பணபலம் இல்லாதவர்களுக்கும் ஒரு சான்று உண்டு. 2017இல் ‘கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு’ ஆர். மணிகண்டன் என்பவரின் முன்முயற்சியில் பேரூர் பெரியகுளத்தில் வேலையைத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை, வர முடிந்தவர்கள் வந்து கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்குவது, சீமைக் கருவேலத்தை அகற்றுவது. இதுதான் திட்டம். ஆனால் அடுத்த ஞாயிறும் வந்தார்கள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்கள். வாரக் கணக்கு நூறைத் தாண்டியது. பல ஆண்டுகளாக வறண்டு கிடந்த வெள்ளலூர் குளத்துக்கு நீர் வரும் வாய்க்காலைச் சீர்செய்து, தண்ணீர் நிறையச் செய்தார்கள். கரையில் மியாவாக்கி முறையில் ஆயிரக்கணக்கில் மரக்கன்று நட்டார்கள். இன்று அங்கே குறுங்காடும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இருக்கின்றன.

இந்த அமைப்பிடம் நாம் படிக்க வேண்டிய பாடம் நாள் தவறாமை. ஒருநாள் ஐந்நூறு பேரைத் திரட்டிவிடலாம். இருபது பேரை நூறு வாரம் தொடர்ந்து வரவைப்பது வேறு கலை. ஐந்து வேளை ஜமாஅத்துக்குப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமில்லை. நமக்குக் கையில் இருக்கும் பழக்கத்தை மஸ்ஜிதின் வாசலுக்கு வெளியேயும் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

பீளமேடு என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது பி.எஸ்.ஜி. நிறுவனங்கள். பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மக்கள் குடும்பச் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கி 1926இல் அறக்கட்டளை அமைத்தார்கள். நம் வக்ஃபுக்கு நெருக்கமான சிந்தனை. நூறாண்டாக அது கல்வியும் மருத்துவமும் தருகிறது. பெரிய செல்வர்கள் செய்யும் தர்மம் அது. முப்பது வீட்டுத் தெருவில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்ய முடியும் என்பதற்குத்தான் குளக்கரை ஞாயிற்றுக்கிழமைகள் பதில் சொல்கின்றன.

வெளியுலகில் இரண்டு பெயர்கள்

இந்தத் துறையில் உலகம் அறிந்த ஒரு பெயர் அக்தர் ஹமீத் கான். ஆங்கிலேயர் ஆட்சியில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து பதவியைத் துறந்தவர். 1980இல் கராச்சியின் ஒராங்கி என்ற குடிசைப் பகுதியில் வேலை தொடங்கினார். மக்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர்கள் சொன்னது சாக்கடை வசதி. அவர் பணம் தரவில்லை. சுமார் 20, 30 வீடுகள் கொண்ட ஒரு சந்து ஓர் அலகு என்று வைத்தார். சந்துக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து, தாங்களே பணம் வசூலித்து, தாங்களே கணக்கு வைத்தார்கள். வரைபடம், மதிப்பீடு, கருவி, பயிற்சி ஆகியவற்றை மட்டும் அவருடைய அமைப்பு கொடுத்தது. அந்தச் சந்துகளின் சாக்கடையை மக்களே கட்டி முடித்தார்கள். ஊர் முழுவதையும் திருத்தப் போகிறேன் என்று கிளம்பாமல், ஒரு சந்தை ஓர் அலகாகப் பிடித்ததுதான் அவருடைய நுட்பம்.

இன்னொன்று அமெரிக்காவின் சிகாகோ. ‘சமூக ஒருங்கிணைப்பாளர்’ என்ற சொல்லே அங்குதான் தனித் தொழிலாக வளர்ந்தது. 1980களில் பராக் ஒபாமா இளைஞராக அங்கே அந்த வேலையைத்தான் செய்தார். 1990களில் ரமி நஷாஷிபி என்ற முஸ்லிம் இளைஞரும் நண்பர்களும் அதே நகரில் ‘இமான்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கறுப்பின மக்கள் வாழும் ஏழைப் பகுதிகளில் பல மளிகைக் கடைகள் அரபு முஸ்லிம்களுக்குச் சொந்தமானவை, அங்கே மதுவும் சத்தற்ற உணவும் விற்கப்பட்டன. தம் சொந்தச் சமூகத்துக் கடைக்காரர்களிடமே போய், காய்கறியும் பழமும் வையுங்கள், வரும் மக்களை மரியாதையாக நடத்துங்கள் என்று அவர்கள் வேலை செய்தார்கள். நம்மவர் பக்கம் தவறு இருந்தால் அதையும் பேசும் துணிவு இல்லாமல் இந்தத் தொண்டு இல்லை.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல்கள்

ஒருங்கிணைப்பாளருக்கு ஆவேசத்தைவிட விவரம் தேவை. குறைந்தது இவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வார்டு குழுவும் பகுதி சபாவும்: அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. நகரங்களில் வார்டு குழு அமைய அது வழி செய்தது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022இல்தான் வகுக்கப்பட்டன. கிராமத்துக்கு கிராம சபை போல, நகர வார்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பகுதி சபா. அந்தப் பகுதியின் வாக்காளர்கள் வந்து பேசலாம். கவுன்சிலர் தலைமை வகிப்பார். 2022 நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபாவில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கோவை மாநகராட்சியில் 100 வார்டுகள், 5 மண்டலங்கள். உங்கள் வார்டு எண் என்ன, மண்டல அலுவலகம் எது, பகுதி சபா எப்போது கூடுகிறது? இந்த மூன்று கேள்விக்கும் வீட்டில் யாருக்கும் பதில் தெரியாவிட்டால் அங்கிருந்தே தொடங்கலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005: பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு விண்ணப்பம் போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அல்லது திருப்தி இல்லாவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடமும், பிறகு 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடமும் போகலாம். பலர் செய்யும் தவறு, ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்பது. சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. ‘இந்தத் தெருவின் மழைநீர் வடிகால் கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்தத் தேதியில் தூர்வாரப்பட்டது, செலவு எவ்வளவு, பணிப் பதிவேட்டின் நகல் தருக’ என்று கேட்டால் பதில் வந்தே ஆக வேண்டும். இந்தியாவிலேயே முதன்முதலில் 1997இல் இப்படியொரு சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. நாடு தழுவிய சட்டத்துக்கு அடித்தளம் போட்டதோ, ராஜஸ்தான் கிராமங்களில் கூலிக் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்ட ஏழைத் தொழிலாளர்களும் அவர்களை ஒருங்கிணைத்த அருணா ராயும் தோழர்களும்.

குறைதீர்க்கும் நாள்: திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். முதல்வரின் உதவி மையம் 1100 என்ற எண்ணில் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது.

நமக்கு நாமே திட்டம்: செலவில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு ஏற்கும் திட்டம் இது. பூங்கா, பள்ளிக் கட்டடம், குளம் போன்றவற்றுக்கு ஜமாஅத்தும் குடியிருப்போர் சங்கமும் சேர்ந்து முயலலாம்.

ஓர் எச்சரிக்கை. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் எந்த மனிதரையும் இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். விஷவாயு நொடியில் ஆளைக் கொல்லும். ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ‘நம்ம பையன்களே சுத்தம் பண்ணிருவாங்க’ என்ற நல்லெண்ணம் ஒரு ஜனாஸாவில் முடிந்துவிடக் கூடாது.

எப்படித் தொடங்குவது?

முதலில் கேளுங்கள். ஒரு மாதம் எதுவும் செய்ய வேண்டாம். உங்கள் தெருவில் முப்பது வீட்டுக் கதவைத் தட்டி, ‘இந்தத் தெருவுல உங்களுக்கு எது ரொம்பச் சிரமம்?’ என்று மட்டும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். நீங்கள் குப்பை என்று நினைத்திருப்பீர்கள். அவர்கள் தெருவிளக்கு என்பார்கள். வேலைக்குப் போய் இரவு பத்து மணிக்குத் திரும்பும் பெண்கள் இருக்கும் தெருவில் விளக்குதான் முதல் பிரச்சினை.

பிறகு சிறியதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்று மாதத்தில் முடியக்கூடியது, பல வீட்டாருக்குப் பயன் தருவது. எரியாத நான்கு விளக்குகள் எரிந்துவிட்டால், ‘கேட்டால் நடக்கும்’ என்ற நம்பிக்கை பிறக்கும். அந்த நம்பிக்கைதான் மூலதனம்.

ஐந்து பேரைச் சேருங்கள். ஐவரும் ஒரே ஜமாஅத்தாக இருக்க வேண்டாம். மூலையில் இருக்கும் மளிகைக்கடைக்காரர், ஓய்வு பெற்ற ஒருவர், ஒரு கல்லூரி மாணவர், இரண்டு பெண்கள் என்று இருந்தால் தெருவின் எல்லா வாசலும் திறக்கும்.

யார் பொறுப்பு என்று கண்டுபிடியுங்கள். மின்கம்பம் மின்வாரியத்தினுடையது, அதில் தொங்கும் தெருவிளக்கு மாநகராட்சியினுடையது. சில சாலைகள் மாநகராட்சியின் கையில், சில நெடுஞ்சாலைத் துறையின் கையில். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு ஆறு மாதத்தைத் தின்றுவிடும்.

எழுத்தில் கேளுங்கள், எல்லாரும் கையெழுத்திடுங்கள். படம், தேதி, இடம் மூன்றும் மனுவில் இருக்கட்டும். போகும்போது நால்வராகப் போங்கள். அதிகாரியைத் திட்டாதீர்கள், அவர் மேசையில் இன்னும் நூறு மனு கிடக்கிறது. வேலை முடிந்ததும் நன்றிக் கடிதம் ஒன்று கொடுங்கள். குறை சொல்ல வருவோரையே பார்த்த அலுவலகம் நன்றி சொல்ல வந்தவரை மறக்காது.

கடைசியாக, உங்கள் இடத்துக்கு ஒருவரைத் தயார் செய்யுங்கள். ஒரு வருடத்தில் மனுவை வேறொருவர் எழுத வேண்டும், கூட்டத்தை வேறொருவர் நடத்த வேண்டும்.

பணமும் படமும்

நல்ல முயற்சிகள் கவிழ்வது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். நூறு ரூபாய் வசூலித்தாலும் ரசீது, மாதக் கடைசியில் வரவு செலவு குரூப்பில். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மார்க்கச் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். ஸகாத் எட்டு வகையினருக்கு உரியது. பெரும்பாலான உலமாக்களின் கருத்துப்படி அதைத் தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் எடுக்கக் கூடாது. பள்ளிவாசல் வக்ஃபின் வருமானமும் வக்ஃப் செய்தவர் சொன்ன நோக்கத்துக்கே உரியது. பொதுப்பணிக்கு ஸதக்காவாகத் தனி நிதி திரட்டுங்கள். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபிமொழி எண்ணுகிறது. அதற்கென்று கேட்டால் மக்கள் தருவார்கள்.

படம் எடுப்பதைப் பற்றி என்ன சொல்ல? அடைப்பை அள்ளிய படத்தை மூன்று வருடம் போட்டவர்களில் நானும் ஒருவன். படம் நமக்குத் திருப்தியைக் கொடுத்துவிட்டது, அதனால் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. இயக்கப் பெயர், கட்சிக்கொடி, பேனர் ஆகியவற்றையும் தெருவேலையில் ஒதுக்கி வையுங்கள். பேனர் உயர்ந்த மறுநாள் அடுத்த கட்சிக்காரர் வீட்டுக்கதவு சாத்திக்கொள்ளும்.

பெண்களின் குரல்

தண்ணீர் எந்த நாள் வரும், எத்தனை மணிக்கு நிற்கும், குப்பை வண்டி எந்த வீட்டோடு திரும்பிவிடும், எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்டது. இவற்றை ஆண்களைவிடப் பெண்களே துல்லியமாக அறிவார்கள். ஆனால் பொதுவிஷயம் பேசும் கூட்டத்தில் அவர்களுக்கு இடம் இருப்பதில்லை.

புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம், ‘ஸ்டெப்ஸ்’ அமைப்பின் வழியாகப் பாதிக்கப்பட்ட பெண்களைத் திரட்டி, 2000களின் தொடக்கத்தில் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். அவருடைய எல்லாக் கருத்துகளையும் நம்மில் பலர் ஏற்கமாட்டோம். ஆனாலும் அவரிடம் அத்தனை பெண்கள் ஏன் போனார்கள் என்ற கேள்வியை ஜமாஅத் நிர்வாகிகள் தங்களிடம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். நம் வாசலில் கேட்கப்படாத குறை வேறு வாசலைத் தேடும். மார்க்க வரம்புக்குள் பெண்கள் கூடிப் பேசவும், அவர்கள் தேர்ந்தெடுத்தவர் அதை ஜமாஅத்திடமும் மாநகராட்சியிடமும் எடுத்துச் சொல்லவும் ஏற்பாடு செய்வது கடினமான காரியமில்லை.

பதற்றமான நாட்கள்

கோவையில் வாழும் முஸ்லிம் குடும்பம் எதுவும் 1997, 98ஐ மறக்க முடியாது. 1997 நவம்பர் இறுதியில் தொடங்கிய கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகள் 58 உயிர்களைக் குடித்தன. அதன்பின் ஒரு தலைமுறை, வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் இடத்தில் பெயரைச் சொன்னதும் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தது. 2022 அக்டோபர் 23 அன்று உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே கார் வெடித்தபோது, பழைய பயம் மீண்டும் எல்லார் வயிற்றிலும் புரண்டது. ஆனால் இம்முறை ஒன்று நடந்தது. அப்பகுதி ஜமாஅத்தினர் அந்தக் கோயிலுக்கே சென்று அங்கிருந்தவர்களைச் சந்தித்து, நாங்கள் உங்களோடு இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நகரம் அமைதி காத்தது.

அந்தச் சந்திப்பு அவசியமானது. ஆனால் வெடிப்புக்குப் பிறகு போய் அறிமுகமாகும் நிலை நமக்கு ஏன் வர வேண்டும்? உக்கடம், கரும்புக்கடை, கோட்டைமேடு போலப் பீளமேட்டில் நாம் ஒரே இடத்தில் திரண்டு வாழவில்லை. ஒரு தெருவில் இரண்டு வீடு, இன்னொரு அடுக்குமாடியில் ஒரு வீடு என்று சிதறியிருக்கிறோம். பக்கத்தில் பவுண்டரித் தொழிலாளி, ஐ.டி. ஊழியர், விடுதி மாணவர், பீகாரிலிருந்து வந்த கூலிக்காரர். இதைப் பலவீனமாகவே நாம் பேசி வந்திருக்கிறோம். ஒருங்கிணைப்பாளருக்கு இது பலம். இங்கே தெருவின் எந்தப் பிரச்சினைக்கும் நாம் தனியாகக் கேட்க வழியே இல்லை, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்துதான் கேட்க முடியும். விளக்குக்காக ஒன்றாக நடந்தவர், வடிகாலுக்காக ஒரே மனுவில் கையெழுத்திட்டவர், பதற்றமான நாளில் நம்மைப் பற்றித் தொலைக்காட்சியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டார். அவருக்கு நம்மைத் தெரியும்.

எங்கள் தெருவின் சிறுபால வேலை பதினோரு மாதம் கழித்து முடிந்தது. மனுவில் நாற்பத்திரண்டு கையெழுத்து, அதில் ஆறுதான் நம்மவர்களுடையது. முதல் கையெழுத்து அந்த ஆசிரியை அம்மாவுடையது. போன மழைக்குத் தண்ணீர் நிற்கவில்லை. இப்போது அவர் அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டார். முக்குச் சாலையில் வேகத்தடை வேண்டுமாம், பிள்ளைகள் பள்ளிக்குக் கடக்கிறார்கள். “மனு எழுதிட்டனுங்க பாய், உங்க பசங்களக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க” என்றார்.

உங்கள் தெருவிலும் அப்படிக் கேட்கும் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவரோடு சேருங்கள். இல்லையென்றால் இந்த ஜுமுஆவுக்குப் பிறகு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு முதல் கதவைத் தட்டுங்கள். அல்லாஹ் நம் எண்ணங்களைத் தூய்மையாக்கி, நாம் வாழும் இடத்துக்கு நம்மைப் பயனுள்ளவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.